திருத்தம் ஏன் ஒட்டவில்லை?

உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர் நூலகத்திலோ பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடைத்தால், அதன் கடைசித் தாளைப் புரட்டிப் பாருங்கள். 'பிழை திருத்தம்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருந்தாலும் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு கட்டங்கள். 37ஆம் பக்கம் 12ஆம் வரியில் 'அரன்' என்று இருப்பதை 'அரண்' என்று திருத்திப் படிக்கவும் என்பது போலச் சொல்லியிருப்பார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, இப்படிப்பட்ட பழம் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தவர். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதை வைத்துச் சென்னையில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பிழை திருத்தப் பட்டியல்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

இப்போது ஒரு சிக்கலை யோசித்துப் பாருங்கள். அந்தப் புத்தகம் இரண்டாம் பதிப்பு வருகிறது. ஆசிரியர் முன்னுரையில் நான்கு பக்கம் கூட்டிவிட்டார். ஆனால் கடைசித் தாளில் முதற்பதிப்பின் பிழை திருத்தமே அப்படியே அச்சாகிவிட்டது. நீங்கள் பேனாவை எடுத்துக்கொண்டு 37ஆம் பக்கம் 12ஆம் வரிக்குப் போகிறீர்கள். அங்கே 'அரன்' இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

அவசரக்காரர் அங்கே இருக்கும் ஏதோ ஒரு சொல்லை அடித்துவிட்டு 'அரண்' என்று எழுதுவார். சோம்பேறி, பட்டியலே தப்பு என்று மூடி வைத்துவிடுவார். நிதானமானவர் முன்னும் பின்னும் சில பக்கம் தேடுவார்; 41ஆம் பக்கத்தில் 'அரன்' கிடைக்கும். ஆனால் உடனே திருத்திவிட மாட்டார். அந்த இடத்தில் கோட்டையைப் பற்றிப் பேசுகிறதா, சிவபெருமானைப் பற்றிப் பேசுகிறதா என்று வாக்கியத்தைப் படித்துப் பார்ப்பார். ஏனென்றால் 'அரன்' என்பது சில இடங்களில் பிழையே அல்ல!

ஒரு கணினி நிரல் இந்த நிதானமானவரைப் போல நடந்துகொள்ள முடியுமா? முக்கால் பங்கு முடியும். மீதிக் கால் பங்கை மனிதன்தான் செய்ய வேண்டும். அந்தக் கால் பங்கு தவறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2019இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

ஆயிரம் பேர் எழுதும் நிரல்

கணினியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவே நின்று, யாருக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்போது செயலியில் இடம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் அவற்றுள் புகழ் பெற்றது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எல்லாவற்றின் உள்ளேயும் இருப்பது அதுதான். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளிலும் அதுவே ஓடுகிறது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தை உங்கள் அண்ணனோ அக்காவோ சொல்லியிருப்பார்கள். அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அந்த இயங்குதளத்தின் அடியிலும் லினக்ஸ் கெர்னலே இருக்கிறது.

லினக்ஸ் திறந்த மூல நிரல். அதாவது, அதன் மூலவரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். 1991இல் சுமார் 10,000 வரிகளாக இருந்த அது, இன்று 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் உலகெங்குமிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திருத்தம் அனுப்புகிறார்கள்.

ஒருவர் 5 வரியைத் திருத்தினார் என்பதற்காக 4 கோடி வரிகளையும் திருப்பி அனுப்ப முடியுமா? முடியாது. மாறிய வரிகளை மட்டும் எழுதி அனுப்புகிறார். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிறோம் அல்லவா? ஆங்கிலத்தில் அதற்குப் பேட்ச் என்று பெயர். அந்தப் பெயரையே நிரலாளர்கள் இதற்கும் வைத்தார்கள். நாம் 'ஒட்டு' என்றே சொல்வோம்.

ஒட்டின் வரலாறு லினக்ஸைவிடப் பழையது. இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் எடுத்துச் சொல்லும் 'டிஃப்' என்ற நிரல், 1974இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. டக்ளஸ் மெக்கில்ராய் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவருடைய கோப்பில் தானாகவே ஒட்டும் 'பேட்ச்' நிரலை லாரி வால் 1985இல் எழுதி வெளியிட்டார். பின்னாளில் பெர்ல் மொழியைப் படைத்தவரும் இவரே. டோர்வால்ட்ஸ் லினக்ஸ் எழுதுவதற்கு முன் பயன்படுத்திய மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் திருத்தி முழுதாக வெளியிட அன்று அனுமதி இல்லை. ஆகவே மினிக்ஸை விலைக்கு வாங்கி, புரூஸ் எவன்ஸ் என்பவர் தனியே எழுதிய ஒட்டுகளைத் தம் கணினியில் தாமே ஒட்டிக்கொண்டார். ஒட்டுப் போட்ட சட்டையை அணிந்துகொண்டுதான் லினக்ஸ் நெய்யப்பட்டது!

கவுனி அரிசிக்கு ஓர் ஒட்டு

கெர்னல் வரிகள் சி என்னும் கணினி மொழியில் இருக்கும். அதை விட்டுவிட்டு நமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டுக் கல்யாண விருந்தில் கவுனி அரிசி சாப்பிட்டிருப்பீர்கள். கறுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாக, தேங்காயும் நெய்யுமாக மணக்கும். ஒரு சமையல் குறிப்பேட்டில் அதன் செய்முறை ஆறு வரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கவுனி அரிசியைக் கழுவு
இரவு முழுவதும் ஊற வை
ஊறிய நீரோடு வேக வை
சர்க்கரை சேர்
தேங்காய்த் துருவல் சேர்
நெய் ஊற்றிக் கிளறு

இதில் ஒரு குறை உண்டு. கவுனி அரிசி எளிதில் வேகாது. முழுதும் வேகுமுன் சர்க்கரையைப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அது குழையவே குழையாது. ஆகவே சர்க்கரைக்கு முன்னால் ஒரு சோதனை வேண்டும். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லும் ஒட்டு இப்படி இருக்கும்:

@@ -1,6 +1,7 @@
 கவுனி அரிசியைக் கழுவு
 இரவு முழுவதும் ஊற வை
 ஊறிய நீரோடு வேக வை
+அரிசி குழைந்ததா என்று நசுக்கிப் பார்
 சர்க்கரை சேர்
 தேங்காய்த் துருவல் சேர்
 நெய் ஊற்றிக் கிளறு

தலைவரியைப் பாருங்கள். பழைய கோப்பில் 1ஆம் வரியிலிருந்து 6 வரிகள், புதிய கோப்பில் 1ஆம் வரியிலிருந்து 7 வரிகள் என்பது அதன் பொருள். கூட்டல் குறி உள்ள வரி புதிதாகச் சேர வேண்டியது. கழித்தல் குறி இருந்தால் அந்த வரி நீங்க வேண்டியது. ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் பழையதைக் கழித்துப் புதியதைக் கூட்டுவார்கள். குறி இல்லாமல் முன்னால் ஒரு சிறு வெற்றிடத்தோடு நிற்கும் வரிகள்தாம் முக்கியமானவை. அவை மாறாதவை. மாற வேண்டிய இடத்துக்கு மேலே மூன்று, கீழே மூன்று. அவற்றை அண்டை வரிகள் எனலாம்.

மாறாத வரிகளை எதற்காகச் சுமக்க வேண்டும்? ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொல்லும்போது 'மூன்றாவது தெருவில் ஏழாவது வீடு' என்று மட்டும் சொன்னால், நடுவில் ஒரு வீடு புதிதாக முளைத்ததும் கணக்குத் தவறிவிடும். 'பிள்ளையார் கோயிலுக்கு அடுத்து, ஊருணிக்கு முன்னால்' என்று சொன்னால் தவறாது. தலைவரியில் உள்ள எண் தெருக் கணக்கு. அண்டை வரிகள் கோயிலும் ஊருணியும்.

நிரல் எப்படித் தேடுகிறது?

பேட்ச் நிரல் முதலில் எண் சொன்ன இடத்துக்குப் போகிறது. ஆறு வரியும் அப்படியே இருந்தால் ஒட்டிவிட்டுப் பேசாமல் திரும்புகிறது.

குறிப்பேட்டின் தொடக்கத்தில் யாரோ பால் கொழுக்கட்டைச் செய்முறையை 12 வரியில் எழுதிவிட்டார்கள் என்று கொள்வோம். 1ஆம் வரியில் இப்போது கவுனி அரிசி இல்லை. நிரல் அங்கிருந்து ஒவ்வொரு வரியாக விலகித் தேடுகிறது. 13ஆம் வரியில் ஆறு வரியும் சேர்ந்து கிடைக்கின்றன. ஒட்டிவிட்டு, '12 வரி விலகி ஒட்டினேன்' என்று சொல்கிறது. இதனால் பெரும்பாலும் கெடுதல் இல்லை.

அடுத்து, யாரோ கடைசி வரியை 'நெய் விட்டு இறக்கு' என்று மாற்றிவிட்டார்கள். ஆறு வரியும் சேர்ந்து எங்குமே கிடைக்காது. நிரல் இப்போது சற்று விட்டுக்கொடுக்கிறது. மேல் கோடியில் ஒரு வரியையும் கீழ்க் கோடியில் ஒரு வரியையும் கணக்கில் எடுக்காமல், நடுவில் உள்ள நான்கு வரியை மட்டும் வைத்துத் தேடுகிறது. இதற்குத் தளர்வு 1 என்று பெயர் வைப்போம். அதுவும் கிடைக்காவிட்டால் தளர்வு 2. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டே அண்டை வரிகளை நம்பி ஒட்டும். நாம் தனியே சொன்னாலன்றி அதற்கு மேல் தளராது.

மாறியது 'சர்க்கரை சேர்' என்ற வரியாகவே இருந்தால்? நம் ஊரில் சீனி என்பதுதானே வழக்கம்! ஒருவர் அதை 'சீனி சேர்' என்று மாற்றிவிட்டால், ஒட்ட வேண்டிய இடத்தை ஒட்டியே நிற்கும் வரி மாறிவிட்டது. எவ்வளவு தளர்ந்தாலும் அந்த வரி தேவைப்படும். நிரல் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒட்டாத பகுதியை 'ரெஜ்' என்ற வால் கொண்ட தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்துவிடும். மனிதருக்குச் சீனியும் சர்க்கரையும் ஒன்று. நிரலுக்கு அவை வெவ்வேறு எழுத்துகள், அவ்வளவே.

இந்தத் தோல்வியைக் கண்டு புதியவர்கள் பயப்படுகிறார்கள். என் கருத்தில் பயப்பட வேண்டியது தோல்விக்கு அல்ல, சில வெற்றிகளுக்கு. அதே குறிப்பேட்டில் கவுனி அரிசியின் சர்க்கரை வரியை ஒருவர் 'வெல்லப்பாகு ஊற்று' என்று மாற்றிவிட்டார் என்று வையுங்கள். பதினான்கு வரி கீழே ஜவ்வரிசிப் பாயசம் இருக்கிறது. அதிலும் 'ஊறிய நீரோடு வேக வை', 'சர்க்கரை சேர்' என்ற இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன. நிரல் தேடும், தளர்வு 0 பலிக்காது, தளர்வு 1 பலிக்காது, தளர்வு 2 ஜவ்வரிசியில் போய்ப் பலிக்கும்! 'அரிசி குழைந்ததா என்று நசுக்கிப் பார்' என்பது பாயசத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கவுனி அரிசி பழையபடி வேகாமல் நிற்கும். திரையில் வருவதோ வெற்றிச் செய்தி. கெர்னல் வரிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரே மாதிரியான முடிவு வரிகளும் வெறும் அடைப்புக் குறிகளும் பல்லாயிரம் இடங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. தளர்வு என்ற சொல்லைத் திரையில் கண்டால், ஒட்டிய இடத்தைத் திறந்து கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது.

நோயைக் கண்டறிதல்

ஒட்டு ஒட்டவில்லை என்றால் வைத்தியரைப் போல முதலில் அறிகுறியைப் பார்க்க வேண்டும்.

கோப்பே கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால் நீங்கள் நிற்கும் அடைவு தவறு. வேறொன்றுமில்லை, ஒட்டில் எழுதியுள்ள பாதையையும் நீங்கள் இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டால் போதும்.

ஒட்டில் பத்துத் துண்டுகள் இருந்து, ஒன்று மட்டும் ஒட்டவில்லை என்றால், அந்த இடத்தை வேறு யாரோ அண்மையில் தொட்டிருக்கிறார்கள். பத்தும் ஒட்டவில்லை என்றால், பத்து இடத்தையும் யாரோ வந்து தொட்டிருப்பார்கள் என்று நினைப்பதைவிட, ஒட்டே வழியில் சேதமாகிவிட்டது என்று சந்தேகிப்பதே அறிவு. கெர்னல் வரிகளின் தொடக்கத்தில் உள்ள இடைவெளி, 'டேப்' என்ற ஒரே எழுத்தால் ஆனது. திரையில் பார்த்துப் பிரதி எடுத்து ஒட்டும்போது அது எட்டு வெற்றிடங்களாக மாறிவிடக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலுக்கு ஒரு எழுத்தும் எட்டு எழுத்தும் ஒன்றாகுமா? கெர்னல் ஒட்டுகள் மின்னஞ்சல் வழியாகவே செல்கின்றன. சில மின்னஞ்சல் நிரல்கள் 'அழகாக இருக்கட்டும்' என்று நீண்ட வரிகளை மடக்கி இரண்டாக்கிவிடுகின்றன. யாரும் கேட்காத இந்த உபகாரத்தால் எத்தனையோ பேருடைய உழைப்பு திரும்பி வந்திருக்கிறது. கெர்னலோடு வரும் வழிகாட்டி ஏடுகளில் மின்னஞ்சல் நிரல்களுக்கென்றே ஓர் ஏடு இருக்கிறது. ஒட்டை முதலில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டு, வந்ததை எடுத்து ஒட்டிப் பாருங்கள் என்று அது சொல்கிறது. நல்ல யோசனை.

வெற்றிடங்களைக் கண்டுகொள்ளாமல் ஒட்டு என்று கட்டளையிடவும் வழி உண்டு. அது ஒட்டும். ஆனால் சேதமான வெற்றிடங்களும் கோப்புக்குள் புகுந்துவிடும். முழுமையான ஒட்டை மறுபடி கேட்டு வாங்குவதே மேல்.

இன்னொரு அறிகுறி சற்று வேடிக்கையானது. 'இது ஏற்கெனவே ஒட்டப்பட்டது போல் இருக்கிறதே, தலைகீழாக ஒட்டட்டுமா?' என்று பேட்ச் நிரல் கேட்கும். ஆம் என்று சொன்னால் இருக்கும் திருத்தத்தைப் பிய்த்து எடுத்துவிடும். நான் பழகிய புதிதில் கேள்வியை முழுதும் படிக்காமல் ஆம் என்று தட்டிவிட்டு, மாலை வரை அதே பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்பதே சரியான விடை. வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்று பொருள்.

வரிசையாக வர வேண்டிய ஒட்டுகளும் உண்டு. ஐந்தில் மூன்றாவதை மட்டும் எடுத்து ஒட்டினால், முதல் இரண்டும் போட்டிருக்க வேண்டிய அண்டை வரிகள் அங்கே இருக்காது. இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கடிதத்தின் தலைப்பிலேயே ஐந்தில் மூன்று என்று எழுதியிருக்கும், படித்தால் தெரியும்.

மூன்று பிரதிகள்

சீனிக் கதைக்கு வருவோம். ஒட்டும் சரி, குறிப்பேடும் சரி. இடையில் ஒருவர் சர்க்கரையைச் சீனி ஆக்கியதால் வந்த சிக்கல். இதைத் தீர்க்க இரண்டு பிரதிகள் போதா. மூன்று வேண்டும்.

ஒட்டு எழுதியவர் எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினாரோ அது முதலாவது. அதை அடிப்பிரதி எனலாம். அவர் திருத்திய பிரதி இரண்டாவது. இன்று உங்கள் கையில் உள்ளது மூன்றாவது. அடிப்பிரதியோடு மற்ற இரண்டையும் தனித்தனியே ஒப்பிட்டால், 'அவர் ஒரு வரி சேர்த்தார். இவர் சர்க்கரையைச் சீனி ஆக்கினார்' என்று இரண்டு செயல்களும் பிரிந்து தெரியும். வெறும் இரண்டு பிரதிகளை வைத்துப் பார்த்தால், யார் எதை மாற்றினார் என்பதே தெரியாது.

ஆனால் அடிப்பிரதியை எங்கே போய்த் தேடுவது? 2005 ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய 'கிட்' என்ற நிரல் இதற்கு ஓர் அருமையான வழி செய்தது. கிட் ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு ஒரு கைரேகை எண் தருகிறது. ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். கிட் உருவாக்கும் ஒட்டின் தலையில் அடிப்பிரதியின் கைரேகை சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணினியில் உள்ள கிட் களஞ்சியத்தில் அந்தப் பழைய பிரதி இருந்தால், கைரேகையை வைத்து அதைத் தேடி எடுத்து மூன்று பிரதிகளையும் ஒப்பிடலாம். கடிதமாக வந்த ஒட்டை ஒட்டும் கிட் கட்டளையின் பின் '-3' என்று சேர்த்தால் போதும். சும்மாவா மூன்று என்று வைத்தார்கள்!

கிட் இயல்பாகத் தளர்வு காட்டுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பேட்ச் நிரல் ஒட்டியவரை ஒட்டிவிட்டு மீதியை ஒதுக்கும். கோப்பு பாதி மாறிய நிலையில் நிற்கும். கிட் ஒரு துண்டு ஒட்டாவிட்டாலும் முழு ஒட்டையும் நிறுத்திவிடும். கறார்தான். ஆனால் 4 கோடி வரிகளை இப்படிக் கறாராகத்தான் காக்க முடியும்.

இரண்டு மாற்றங்களும் தள்ளித் தள்ளி இருந்தால் கிட் தானே இணைத்துவிடும். நம் எடுத்துக்காட்டில் அவை பக்கத்துப் பக்கத்து வரிகள். எது முன், எது பின் என்று முடிவு செய்ய அது துணியாது. இரண்டு வடிவங்களையும் குறிகள் இட்டுக் கோப்பிலேயே எழுதிக் காட்டும்:

<<<<<<<
சீனி சேர்
=======
அரிசி குழைந்ததா என்று நசுக்கிப் பார்
சர்க்கரை சேர்
>>>>>>>

மேலே இருப்பது உங்களுடையது, கீழே இருப்பது வந்த ஒட்டு. இப்போது பேனா உங்கள் கையில். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கிட் சொல்லவில்லை. இரண்டு பேரும் என்ன நினைத்து மாற்றினார்கள் என்று யோசி என்கிறது. யார் எந்த வரியை எப்போது, என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்ற வரலாறு முழுதும் கிட்டில் இருக்கிறது. அதைப் படித்தால், 'நசுக்கிப் பார், பிறகு சீனி சேர்' என்ற சரியான விடை உங்களுக்கே தோன்றும். 'சீனி சேர், பிறகு நசுக்கிப் பார்' என்று எழுதினாலும் குறிகள் மறைந்துவிடும், கிட் ஒன்றும் சொல்லாது. அரிசி மட்டும் வேகாது.

வரி மாறிய கதை

இது வெறும் சமையல் கற்பனை என்று நினைக்க வேண்டாம். முன்னே சொன்ன 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதுதான்.

இன்றைய செயலிகள் பொறுமையற்றவை. 'எண் 4க்குக் குறைவாக இருந்தால் இதைச் செய்' என்ற வரி வந்தால், குறைவுதானா என்ற விடை வருமுன்பே 'குறைவாகத்தான் இருக்கும்' என்று ஊகித்து அடுத்த வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் பொய்த்தால் செய்ததைக் கைவிடும். ஆனால் கைவிட்ட வேலையின் சுவடு, கேஷ் என்னும் விரைவு நினைவகத்தில் தங்கிவிடுகிறது. அந்தச் சுவட்டைக் கொண்டு பிறருடைய இரகசியங்களைத் திருடலாம் என்று 2018 ஜனவரியில் வெளியானது. ஸ்பெக்டர் என்று அதற்குப் பெயரிட்டார்கள். இதைத் தடுக்கக் கெர்னலில் பல இடங்களில் வேலி வரிகள் போட வேண்டியிருந்தது. வந்த எண் எதுவானாலும், ஊகத்தின்போதுகூட அது எல்லையைத் தாண்டாதபடி கட்டுப்படுத்தும் வரி அது. முதலில் வேலி, பிறகு அந்த எண்ணைப் பயன்படுத்தும் வரி. நம் கவுனி அரிசியைப் போலவே, சோதனை முன்னால் வர வேண்டும்.

புதிய கெர்னலில் இப்படி ஒரு வேலி சரியாகவே போடப்பட்டது. ஆனால் உலகம் முழுதும் புதிய கெர்னலில் ஓடுவதில்லை. கைப்பேசிகளும் அலுவலகக் கணினிகளும் பழைய பதிப்புகளிலேயே பல ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றுக்காகப் பழைய தொடர்களைத் தனியே காத்து, புதிய கெர்னலின் முக்கியமான ஒட்டுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றிலும் ஒட்டுகிறார்கள். ஒட்டவில்லை என்றால் அதை எழுதியவர்களுக்கே, இது இந்தப் பழைய தொடரில் ஒட்டவில்லை, பொருத்தமாக எழுதித் தாருங்கள் என்று கடிதம் போகிறது. இப்படிப் பழைய தொடர்களுக்குக் கொண்டுபோனபோது இரண்டு வரிகள் இடம் மாறிவிட்டன. எண்ணைப் பயன்படுத்தும் வரி முன்னால் வந்தது. வேலி பின்னால் போனது.

நிரல் தொகுக்கப்பட்டது. ஓடியது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. திருத்தக் குறிப்பில் ஸ்பெக்டர் ஓட்டை அடைக்கப்பட்டது என்றே இருந்தது. ஆனால் ஓட்டை திறந்தே கிடந்தது, 4.4, 4.9, 4.14, 4.19, 5.2 என்ற ஐந்து தொடர்களில்! ஒருவர் அந்த வரிகளைத் தம் கண்ணால் படித்துப் பார்த்த பிறகே குட்டு வெளிப்பட்டது. சிவிஇ-2019-15902 என்ற எண்ணில் அது பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் பதிவாகியது. அடுத்து வந்த பதிப்புகளில் சரி செய்தார்கள்.

கெர்னலுக்கு ஒட்டு அனுப்பும் பழக்கசாலிகள் ஒட்டிய பிறகு மூன்று வேலைகள் செய்வதன் காரணம் இதுதான். இணைத்த வரிகளை மூல ஒட்டோடு வைத்து மறுபடி படிக்கிறார்கள். கெர்னலைத் தொகுத்துப் பார்க்கிறார்கள். எந்தக் குறைக்காக ஒட்டு எழுதப்பட்டதோ, அந்தக் குறை உண்மையிலேயே போயிற்றா என்று ஓட்டிப் பார்க்கிறார்கள். முதல் இரண்டை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

செய்து பாருங்கள்

கணினி இல்லாமலேயே இதை வகுப்பில் சோதிக்கலாம். மூன்று பேர் போதும். உங்கள் வீட்டுச் செய்முறை ஒன்றைப் பத்து வரியில் எழுதி, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் ஒரு வரியைச் சேர்த்து, மேலே மூன்று கீழே மூன்று அண்டை வரிகளோடு ஒட்டாக எழுதட்டும். இரண்டாமவர் அவருக்குத் தெரியாமல் தம் பிரதியில் ஏதேனும் இரண்டு வரிகளை மாற்றட்டும். மூன்றாமவர்தாம் பேட்ச் நிரல். அவர் பொருளைப் பற்றி யோசிக்கவே கூடாது; எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, தளர்வு 0, 1, 2 என்று வரிசையாக முயன்று, ஒட்டுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு இரண்டாமவர் எந்த வரிகளை மாற்றினால் ஒட்டு தோற்கும், எவற்றை மாற்றினால் தோற்காது என்று பட்டியல் போடுங்கள்.

கணினி கிடைக்கும் மாணவர்கள் லினக்ஸில் இதே செய்முறையைக் கோப்பாக எழுதி, டிஃப் நிரலுக்கு '-u' என்று சொல்லி ஒட்டு எடுங்கள். பேட்ச் நிரலால் ஒட்டுங்கள். பின்பு ஒரு வரியின் முன்னுள்ள டேப்பை எட்டு வெற்றிடமாக மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் உங்களுக்கு விட்டு வைக்கிறேன். இரண்டாமவர் ஒரு வரியையும் மாற்றவில்லை. ஆனால் 'வேக வை' என்பதற்கு முன் இருக்க வேண்டிய 'ஊற வை' என்ற வரியை எடுத்துச் செய்முறையின் கடைசியில் வைத்துவிட்டார். கவுனி அரிசி ஒட்டு இப்போது ஒட்டுமா? ஒட்டினால், எந்தத் தளர்வில்?